ரத்தக் குழாய்க்குள் ஒரு காவல்காரன்!

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். வயது 58. சர்க்கரை வியாதி வந்து 11 வருஷம் ஆகிறது. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"டாக்டரய்யா, இந்தப் பொடியை மூணு மாசமா சாப்பிடுறேன். பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் கொடுத்துச்சு. ஆன்டி ஆக்ஸிடன்ட்டாம். ரத்தக் குழாயை உள்ளுக்குள்ளேயே சுத்தம் பண்ணிடுமாம். மூலிகைதானே, உங்க வைத்தியந்தானேன்னு இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டேன்."

"சர்க்கரை எவ்வளவும்மா இருக்கு?"

"அது பார்க்கலீங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு. இந்தக் கால்லதான் ஒரு சின்னப் புண்ணு. வலியெல்லாம் ஒண்ணுமில்லே."

வலி இல்லை என்று அவர் சொன்னதும் எனக்குப் பகீர் என்றது. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், இடது கால் கட்டை விரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழிப்புண். அவருக்கு அது இருப்பதே தெரியாது. வீட்டுத் தரையில் ஈரத் தடம் விழுவதைப் பார்த்துப் பேரன்தான் சொல்லியிருக்கிறான். வெறும் வயிற்றில் வந்திருந்தார். சர்க்கரை 286!

என் வைத்தியத்தின் பெயரைச் சொல்லித்தான் இந்த அம்மா மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. டப்பாவின் மேல் போட்டிருந்த 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்ற வார்த்தை முழுப் பொய் என்றால் விஷயம் சுலபம். 'ஏமாந்துட்டீங்கம்மா' என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் சிக்கல்.

உதிர்ந்து போன ஒற்றை வரிசை

ரத்தக் குழாயை நாம் தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரி நினைத்துக் கொள்கிறோம். அப்படியில்லை. அதன் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு வரிசை செல்கள், தரைக்கு ஓடு பதித்த மாதிரி, ஒட்டி ஒட்டிப் படுத்திருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். ரொம்ப காலம் இதை வெறும் பூச்சு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பிசகு. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் ரத்தக் குழாய்த் துண்டுகளை வைத்து ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டால் துண்டு சுருங்கும். பல வருஷமாக அவர் பார்த்தது இதைத்தான். 1978-ல் அவருடைய உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். அன்றைக்குப் பார்த்தால் அதே மருந்துக்குத் துண்டு விரிகிறது! ஏன் என்று துருவிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. முன்பெல்லாம் துண்டை வெட்டி எடுக்கும்போது உள்பக்கம் உரசி, அந்த ஒற்றை வரிசை செல்கள் உதிர்ந்து போயிருந்தன. அவை இருந்தால் குழாய் விரியும், இல்லாவிட்டால் சுருங்கும். 1980-ல் இது வெளியானது.

அந்தச் செல்கள் வெளியே விடும் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. மோட்டார் வண்டிப் புகையில் இருக்கிறதே, அதேதான்! சில வினாடிகள்தான் அதற்கு ஆயுசு. அதற்குள் குழாயைத் தளர்த்தி விரிக்கும், ரத்தத் தட்டுகள் ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக் கொள்ளும். இதற்காக 1998-ல் ஃபர்ச்காட்டுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விறகு அதிகமானால் புகை

சர்க்கரை வியாதியில் கண், சிறுநீரகம், நரம்பு, கால், இருதயம் என்று ஊர் ஊராகக் கெடுகிறதே, எல்லா ஊருக்கும் போகிற பாதை ரத்தக் குழாய்தான். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எல்லாச் செல்லுக்கும்தானே கெடுதல்? இவை மட்டும் ஏன் முதலில் அடி வாங்க வேண்டும்?

வெளியே சர்க்கரை அதிகமானால் பல செல்கள் உஷாராகி வாசலைக் குறைத்துக் கொள்ளும். எண்டோதீலியச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளியே எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவும் உள்ளே வந்துவிடும். வீட்டுக் கதவைச் சாத்தத் தெரியாதவன் கதைதான்!

உள்ளே வந்த சர்க்கரையை எரிக்க மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு இருக்கிறது. விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்குத் தெரியும், அளவாக வைத்தால் நின்று எரியும். வாய் நிறையத் திணித்தால் எரியாது, புகையும். அப்படிப் புகைகிற புகைதான் சூப்பர் ஆக்ஸைடு. எலக்ட்ரான் ஒன்று தனியாய் ஒட்டிக் கொண்ட ஆக்ஸிஜன். பக்கத்தில் இருப்பதையெல்லாம் பிடித்துக் கெடுக்கும். நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பிரௌன்லீ குழுவினர் 2000-ம் வருஷம் இதைச் செல்களில் காட்டினார்கள். சர்க்கரை பல வழிகளில் குழாயைக் கெடுக்கிறது, அந்த வழிகளுக்கெல்லாம் ஊற்றுக்கண் இந்தப் புகைதான் என்றார்கள்.

இந்தப் புகை முதலில் தின்பது எதை தெரியுமா? நைட்ரிக் ஆக்ஸைடை! இரண்டும் சந்தித்த மாத்திரத்தில் சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற முரட்டுப் பொருளாகிவிடும். குழாயை விரிக்க வேண்டியதும் போச்சு, புதிதாக ஒரு எதிரியும் வந்தாச்சு.

நுரை பொங்குகிறதே, அதுதான்!

செல் சும்மா இருக்குமா? சூப்பர் ஆக்ஸைடைப் பிடிப்பதற்கென்றே ஒரு நொதி உண்டு. 1969-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தது. எஸ்.ஓ.டி. என்பார்கள். அது சூப்பர் ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றும். அடிபட்டுப் போனால் புண்ணைக் கழுவ ஒரு திரவம் ஊற்றுவார்களே, வெள்ளையாக நுரை பொங்குமே, அதே பொருள். அந்த நுரை ஏன் வருகிறது? நம் ரத்தத்திலும் சதையிலும் கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி இருக்கிறது. அது பெராக்ஸைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிளக்கிறது. அந்த ஆக்ஸிஜன்தான் நுரை. அடுத்த முறை பொங்கும்போது பாருங்கள், உங்கள் காவல் படையின் ஒரு வேலையைக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள்.

மூன்றாவது ஆள் குளூட்டாதையோன். இதை அடுப்பங்கரைக் கரித்துணி என்று சொல்லலாம். கரியைத் துடைக்கும், தானும் கரியாகும். அலசிப் போட்டால் மறுபடி உதவும். அலசுவதற்குச் செல்லுக்குள் என்.ஏ.டி.பி.எச். என்று ஒரு சோப்பு இருக்கிறது. இங்கேதான் சர்க்கரை இன்னொரு வேலை காட்டுகிறது. மிதமிஞ்சிய சர்க்கரையில் ஒரு பகுதியைச் செல் சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றுகிறது. அதற்கும் இதே சோப்புதான் வேண்டும்! கரியும் அதிகம், சோப்பும் தீர்ந்து போகிறது. துணி அழுக்காகவே கிடக்கிறது.

தண்டோராக்காரன்

இதுவரை சொன்னது அன்றாடக் காவல். ஆபத்து கூடினால் ஆட்களைப் பெருக்க வேண்டாமா? அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் இது யாருக்கும் தெரியாது. 1990-களின் பின்பாதியில் ஜப்பானில் மசாயுகி யமமோட்டோவின் குழு தெளிவாக்கியது.

என்.ஆர்.எஃப்.2 என்று ஒரு புரதம். ஊரைக் கூட்டும் தண்டோராக்காரன் என்று வைத்துக் கொள்ளுங்கள். கீப்1 என்ற இன்னொரு புரதம் அவன் கையைப் பிடித்துக் கொண்டே இருக்கும். சாதாரண நாளில் அவனை வெளியே விடாது. சுமார் 20 நிமிஷத்தில் அழித்துவிடச் செய்யும், மறுபடி புதியவன் பிறப்பான், மறுபடி பிடி. புகை கூடி கீப்1 மேல் பட்டால் பிடி தளர்கிறது. தண்டோராக்காரன் நேரே செல்லின் உட்கருவுக்கு ஓடி மரபணுக்கள் மேல் உட்கார்ந்து பறையை அடிக்கிறான். குளூட்டாதையோன் செய்யும் நொதிகள், சோப்பு செய்யும் நொதிகள் என்று நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக் கொள்ளும்.

அதில் எனக்குப் பிடித்தது ஹீம் ஆக்ஸிஜனேஸ். எங்கேயாவது இடித்துக் கொண்டு கன்றிப் போனால் முதலில் நீலம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள் ஆகிறதல்லவா? ரத்தச் சிவப்பிலிருக்கும் ஹீமை உடைத்துப் பச்சை நிறப் பொருளாக்குவது இந்த நொதிதான். அது பிறகு மஞ்சள் நிறப் பிலிருபினாகிறது. பித்த நீரின் மஞ்சள்! இந்தப் பிலிருபினே புகையை அடக்கும் சரக்கு. பிறவியிலேயே பிலிருபின் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்களுக்கு இருதயக் குழாய் நோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். (காமாலை வந்தால் நல்லது என்று யாரும் எடுத்துக் கொள்ளாதீர்கள்!)

'அழல் காக்கும், மிஞ்சினால் அழிக்கும்' என்ற கருத்தில் பயின்றவன் நான். இதைப் படித்தபோது மனசுக்குள் ஒரு சந்தோஷம். ஆனால், பிலிருபின் அன்றைக்கே சித்தர்களுக்குத் தெரியும் என்று மேடையில் பேசுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. மேக நோய் 20 என்று பிரித்ததும், நீரிழிவின் அவத்தைகள் 10 என்று எண்ணிப் பிளவை வரைக்கும் எச்சரித்ததும் அவர்கள் கண்ணால் பார்த்து எழுதியவை. அந்தப் பெருமையே எனக்குப் போதும்.

சரி, சர்க்கரை நோயாளிக்கும் தண்டோராக்காரன் இருக்கிறானே? இருக்கிறான். ஆரம்பத்தில் நன்றாகவே அடிக்கிறான். வருஷக்கணக்கில் தினமும் புகை என்றால் ஓசை குறைந்து போகிறது.

டப்பாவில் ஏன் அடைக்க முடியவில்லை?

புகைதான் வில்லன் என்றால் புகையை அடக்கும் வைட்டமினைக் கொடுத்துவிட்டால் போச்சே? உலகமே அப்படித்தான் நினைத்தது. நான் தொழில் ஆரம்பித்த நாளில் வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் விழுங்காதவர்களை எண்ணிவிடலாம். கேட்டவர்களுக்கு நானும் 'போட்டுக்குங்க, நல்லதுதான்' என்று சொல்லியிருக்கிறேன்.

ஹோப் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2000-ல் வந்தது. 9,000-க்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் 3,500-க்கும் மேல் சர்க்கரை நோயாளிகள். தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, நாலரை வருஷம். மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையவில்லை. அதே ஆட்களை இன்னும் கொஞ்ச காலம் பார்த்து 2005-ல் சொன்னார்கள்: வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இருதயம் சோர்ந்து போவது சற்றுக் கூடுதல்!

காரணம் யோசித்தால் புரியும். சூப்பர் ஆக்ஸைடும் நைட்ரிக் ஆக்ஸைடும் சேர்கிற வேகத்துக்கு முன்னால் வைட்டமின் நொண்டி. அந்த வேகத்துக்கு ஈடு கொடுப்பது எஸ்.ஓ.டி. மாதிரி செல் தானே செய்து கொள்ளும் நொதிதான். இன்னொன்று, கொஞ்சம் புகை கீப்1 மேல் பட்டால்தானே தண்டோரா அடிக்கும்? 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் கூடவே வைட்டமின் சி 1000 மில்லி கிராமும் ஈ 400 யூனிட்டும். வைட்டமின் சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது. சாப்பிட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. எச்சரிக்கை மணியை வைட்டமின் அமுக்கிவிட்டது.

தண்டோராக்காரனையே தட்டி எழுப்பும் மருந்தும் வந்தது. பார்டாக்ஸலோன் என்று பெயர். சர்க்கரையால் சிறுநீரகம் ரொம்பவும் கெட்டுப் போன 2,000-க்கும் அதிகமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012 அக்டோபரில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு இருதயச் செயலிழப்பு அதிகமாக வந்ததுதான் காரணம்.

நம் சரக்குகளையும் சொல்லத்தான் வேண்டும். மஞ்சளிலிருக்கும் குர்குமின், முருங்கை, கடுகு, முள்ளங்கியில் வரும் காரச் சத்துக்கள் எல்லாம் ஆய்வுக்கூடத்துச் செல்களில் தண்டோராக்காரனை எழுப்புகின்றன. அவை புகையைத் துடைத்து இதைச் செய்வதில்லை. கீப்1-ஐ லேசாகச் சீண்டித்தான் செய்கின்றன! செடி தன்னைத் தின்ன வரும் பூச்சியை விரட்ட வைத்திருக்கும் காரம் அது. அளவாக இருந்தால் சீண்டல், அதிகமானால் அடி. மஞ்சள் சத்தைச் செறிவாக்கி, நன்றாக உறிஞ்ச மிளகுச் சத்தும் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி வெளிநாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயமில்லை. முருங்கைக் கீரைப் பொரியல் வாரம் இரண்டு நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள், சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் கொண்டு! மாத்திரைக்குப் பதில் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அப்போ எதுதான் காவல்காரனுக்குத் தெம்பு?

முதலில் விறகைக் குறைக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை ஒரு ஆய்வு நடந்தது. சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேர். ஒரு பிரிவுக்குக் கறாரான கட்டுப்பாடு, மூன்று மாதச் சராசரி 7 சதவீதத்துக்குப் பக்கம். மற்றதற்கு வழக்கமான வைத்தியம், 9-க்குப் பக்கம். கறாராக இருந்தவர்களில், தொடக்கத்தில் கண் நன்றாக இருந்தவர்களுக்குக் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அதைவிட ஆச்சரியம் பிறகுதான். ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்தியம் ஆனது, இரண்டு பிரிவின் சர்க்கரையும் 8 என்ற இடத்தில் சந்தித்துக் கொண்டது. ஆனாலும் முன்பு கட்டுப்பாடாக இருந்தவர்களின் குழாய்கள் பல வருஷம் கழித்தும் தேவலையாக இருந்தன. மற்றவர்களுக்கு, சர்க்கரை பிறகு குறைந்தும் பழைய கணக்கு தீரவில்லை. குழாய்க்கு ஞாபக சக்தி உண்டு!

அந்த ஞாபகம் எங்கே எழுதியிருக்கிறது என்பதை ஆஸ்திரேலியக் குழு ஒன்று 2008-ல் காட்டியது. எண்டோதீலியச் செல்களைக் கொஞ்ச நேரம் அதிக சர்க்கரையில் வைத்துவிட்டுச் சாதாரண நிலைக்கு மாற்றினார்கள். ஆறு நாள் கழித்தும் மரபணுவின் மேல் விழுந்த குறி போகவில்லை. 'ஒரு மூணு மாசம் விட்டுப் பார்க்கலாமே' என்று சொல்பவர்களிடம் நான் இப்போது இந்தச் சோதனையைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது நடை. கலோரி கணக்கை விடுங்கள். வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாய்ச் சுவரை உரசிக் கொண்டு சீராக ஓடுகிறது. அந்த உரசலே எண்டோதீலியத்துக்குச் சேதி. நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கும், தண்டோராக்காரனும் எழுவான். கொழுப்புப் படிவது பெரும்பாலும் குழாய் கிளை பிரியும் இடங்களில்தான், ரத்தம் சுழித்துக் குழம்பும் இடங்களில். நேராக ஓடும் இடத்தில் குறைவு. ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து நாமே புகை ஏற்றாமல் இருப்பதும் முக்கியம். பீடி, சிகரெட்டைத்தான் சொல்கிறேன்.

நடக்கக் கூடாதவர்களும் உண்டு. பாதத்தில் புண் இருக்கும்போது நடந்தால் புண் ஆழமாகும். நெஞ்சு கனக்கிறது, சர்க்கரை 300-க்கு அருகே நிற்கிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், அப்புறம் செருப்பை மாட்டலாம்.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். "உங்ககிட்டே எண்ணெய் இருக்குமே, போட்டு விடுங்களேன்" என்றார். மத்தன் தைலம் அலமாரியில்தான் இருந்தது. எத்தனையோ புண்ணுக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் காலில் ரத்தம் ஓடுகிறதா, புண் எலும்பைத் தொட்டுவிட்டதா என்று தெரியாமல் போடுவது வைத்தியம் ஆகாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலும்பு தப்பித்திருந்தது. கொஞ்ச நாள் இன்சுலின், பிறகு பழைய மாத்திரை, காலுக்குத் தனிச் செருப்பு. புண் மூட நாலு மாசம் ஆனது. விரல் தப்பியது. கண்ணைப் பரிசோதித்ததில் விழித்திரையில் ரத்தக் கசிவு ஆரம்பித்திருந்தது. அதற்கும் வைத்தியம் நடக்கிறது.

தை மாசம் மறுபடி வந்தார். மூன்று மாதச் சராசரி 7.4. "மிச்சம் ரெண்டு டப்பா பிரிக்காம அப்படியே இருக்கு. காசு போட்டு வாங்கினது. என்னங்கய்யா பண்றது?" என்றார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கிட்டேயே கொடுத்திடுங்க. அப்படியே அவங்க அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கான்னு கேளுங்க" என்றேன்.

இருக்கிறதாம். அந்தப் பெண் அடுத்த வாரம் தன் அம்மாவைக் கூட்டிக் கொண்டு வந்தாள்.